பால் பட்டியலில் காணாமல் போன பெயர்கள்: சரம் பிரித்தலில் நேர்ந்த பிழைகள் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றித் தமிழ்நாட்டு எல்லை வரை நீளும் ஊர்களில் வீட்டுப் பேச்சு தமிழ், அலுவலகக் காகிதம் மலையாளம். மழை குறைந்த பகுதி என்பதால் பல குடும்பங்களுக்குக் கறவை மாடுதான் கையில் காசு புழங்கும் வழி. இந்த ஆய்வில் வரும் பால் சங்கமும் அத்தகைய ஊர் ஒன்றில் இருக்கிறது. உறுப்பினர்கள் 170-க்கு மேல். காலையும் மாலையும் பால் ஊற்றுகிறார்கள். பத்து நாளுக்கு ஒருமுறை பணம் பெறுகிறார்கள். சங்கத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டாக வரும் பெயர்கள் மாற்றப்பட்டவை; ஆனால் எழுத்துகளும் துணையெழுத்துகளும் அமைந்திருக்கும் விதத்தில் அவை உண்மைப் பெயர்களை ஒத்தவை, ஏனெனில் இந்த நிகழ்வின் முடிச்சே அந்த அமைப்பில்தான் இருக்கிறது.

பால் பரிசோதனைக் கருவி ஒவ்வொரு வேளையும் ஓர் உரைக்கோப்பைத் தரும். ஒரு வரிக்கு ஒருவர். வரிசை எண், லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப்., சி.எல்.ஆர்., கடைசியில் பெயர் என்பது வரியின் ஒழுங்கு. எஸ்.என்.எஃப். என்பது பாலில் கொழுப்பு அல்லாத திடப்பொருளின் அளவு. சி.எல்.ஆர். என்பது லாக்டோமீட்டர் என்னும் அடர்த்தி அளவி காட்டும் அளவைப் பாலின் வெப்பநிலைக்குத் திருத்திப் பெறும் எண்; பசும்பாலுக்குப் பெரும்பாலும் 26-க்கும் 30-க்கும் இடையில் வரும். வரிசை எண் என்பது அன்று வரிசையில் நின்ற இடமே தவிர உறுப்பினர் எண் அல்ல. ஆகவே யாருடைய பால் என்பதைப் பெயரை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இந்த ஏற்பாட்டை அப்போது யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கோப்பைப் படித்து, விலை அட்டவணையோடு பொருத்தி, பாஸ் புக்கில் ஒட்டும் சீட்டை அச்சிடும் பைத்தான் மொழி நிரல் ஒன்றை என் நண்பர் ஒருவர் தை மாதத்தில் எழுதிக் கொடுத்தார். அவர் வேலை மாறிப் போனபின் பங்குனியில் அது என் கைக்கு வந்தது. கீழே சொல்லப்படும் பிழைகளில் சிறியது அவருடையது. பெரியவற்றில் ஒன்று என்னுடையது, மற்றதில் இருவருக்கும் பங்கு உண்டு.

முதல் பிழை: ஓர் இடைவெளியும் பல இடைவெளிகளும்

நண்பர் பல ஆண்டுகள் ஆக் என்னும் பழைய நிரல்மொழியில் சிறு சிறு நிரல்கள் எழுதிப் பழகியவர். ஆக்கில் பிரிப்பானாக ஒற்றை இடைவெளியைக் கொடுத்தால், அதற்கு எத்தனை இடைவெளிகள் தொடர்ந்து வந்தாலும் ஒரே பிரிப்பு என்று பொருள். பெர்ல் மொழியிலும் அப்படியே. பைத்தானில் அப்படி இல்லை. சரத்தை, அதாவது எழுத்துகளின் தொடரை, துண்டாக்கும் ஸ்பிளிட் செயற்கூறுக்கு ஒற்றை இடைவெளியைக் கொடுத்தால் அது சொன்னதைச் சொன்னபடி செய்யும்: ஒவ்வோர் இடைவெளியிலும் வெட்டும், இரண்டு இடைவெளிகள் அடுத்தடுத்து வந்தால் நடுவில் ஒரு காலிச் சரத்தை வைக்கும். ஒன்றுமே கொடுக்காமல் அழைத்தால்தான் இடைவெளி, டேப், வரிமுறிவு எல்லாவற்றையும் ஒரே கூட்டமாக எடுத்துக்கொண்டு, ஓரங்களில் இருப்பதையும் உதறிவிட்டுத் துண்டுகளை மட்டும் தரும்.

கருவி எண்களை வலப்பக்கம் ஒழுங்குபடுத்தி எழுதும். 12.0 லிட்டருக்கு முன் ஓர் இடைவெளி, 4.5 லிட்டருக்கு முன் இரண்டு. ஆகவே பத்து லிட்டருக்குக் குறைவாக ஊற்றிய எல்லோருடைய வரியிலும் லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் காலிச் சரம் வந்தது. காலிச் சரத்தை எண்ணாக மாற்ற முடியாது என்று முதல் நாளே நிரல் நின்றுவிட்டது. நண்பர் அடைப்புக்குள் இருந்த ஒற்றை இடைவெளியை நீக்கினார். எல்லாம் ஓடியது. இந்தத் திருத்தத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அன்று எடுத்த முடிவுக்கு நியாயம் இருந்தது. வரியை எழுத்து எண்ணிக்கைப்படி நறுக்கலாம் என்றும் யோசித்தோம். கருவி வேலை செய்யாத வேளைகளில் எழுத்தர் கோப்பைக் கையால் தட்டச்சு செய்வதால் நெடுவரிசைகள் ஒழுங்காக நிற்கா என்று அதை விட்டுவிட்டோம். ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: அந்தக் காலிச் சரங்கள் எல்லாமே குப்பைதானா, அல்லது அவற்றில் சில எதையாவது சொல்கின்றனவா? அதற்கு விடை ஆவணியில்தான் கிடைத்தது.

பெயர்கள் தமிழுக்கு மாறியபோது

தொடக்கத்தில் பெயர்கள் ஆங்கில எழுத்துகளில் இருந்தன. சீட்டில் தங்கள் பெயரையே படிக்க முடியவில்லை என்று உறுப்பினர்கள் சொன்னதால், சித்திரை முதல் தமிழ்ப் பெயர்களைத் தமிழிலும் மலையாளப் பெயர்களை மலையாளத்திலும் எழுதுவதென்று சங்கம் முடிவு செய்தது. நல்ல முடிவு; நானே வற்புறுத்திய முடிவும்கூட.

பெயரை எழுதும் முறையில் அந்தப் பகுதியில் ஓர் இரட்டை வழக்கு உண்டு. தமிழ் வழக்கில் முன்னெழுத்து பெயருக்கு முன் வரும். கேரள வழக்கில் பெரும்பாலும் பெயருக்குப் பின் வரும். ஒரே ஆள் ஓர் ஆவணத்தில் ‘பெ. சேது’, இன்னொன்றில் ‘சேது.பி’, வேறொன்றில் ‘பி சேது’. காலைப் பட்டியலைத் தட்டச்சு செய்பவர் புள்ளி வைத்து இடைவெளி விடுவார். மாலையில் வரும் இளைஞர் முன்னெழுத்தே போடமாட்டார். இதையெல்லாம் சமாளிக்க நான் பெயர்களை நிறுத்தற்குறிகளிலும் இடைவெளிகளிலும் வெட்டி, ஓரெழுத்துத் துண்டுகளை முன்னெழுத்து என்று கருதித் தள்ளி, மிஞ்சியதைச் சேர்த்து, பதிவேட்டில் உறுப்பினரைத் தேடிப் பிடிக்க ஒரு சாவி உருவாக்கினேன். வெட்டுவதற்குப் பயன்படுத்தியது பைத்தானின் ரெஜெக்ஸில், அதாவது எழுத்து அமைப்புகளைத் தேடும் குறிமுறையில், எல்லோரும் கைபோன போக்கில் எழுதும் பெரிய டபிள்யூ குறி: சொல்லெழுத்து அல்லாத எதுவும் பிரிப்பான் என்று பொருள். பழைய ஆங்கிலப் பட்டியலில் சோதித்தேன். புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்னெழுத்து முன்னே இருந்தாலும் பின்னே இருந்தாலும் ஒரே சாவி கிடைத்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

புதிய பட்டியலோடு முதல் பத்து நாள் கணக்கு அச்சான அன்று மதியம், உறுப்பினர் ஒருவர் சீட்டைக் கையில் பிடித்தபடி சங்கத்துக்கு வந்தார். “எங்கூட்டுல ரெண்டு மாடுதானுங்க. ஒண்ணு சினை வேற. இத்தன லிட்டரு எப்படிங்க நான் ஊத்தியிருக்க முடியும்?” என்று கேட்டார். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சீட்டில் சுழியம் விழுந்த இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். சங்கச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்: “தம்பி, அஞ்சு பேரு பாலு ஒருத்தரு கணக்குல ஏறியிருக்குது. இன்னிக்குப் பணம் கொடுக்க வேண்டாமுன்னு நிறுத்தியிருக்கறேன். நீங்க வந்தாத்தான் ஆகும்.”

எழுத்தெழுத்தாகப் பார்த்தது

பொள்ளாச்சியிலிருந்து போய்ச் சேர மாலையாகிவிட்டது. ஐந்து பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன்: சுதா, சீதா, சேது, வேலு, ராஜூ. கண்ணுக்கு எந்த ஒற்றுமையும் தெரியவில்லை. பிறகு ‘சேது’ என்ற சரத்தின் ஒவ்வோர் உறுப்பின் யூனிகோட் எண்ணையும், அதாவது உலக எழுத்துகளுக்கான தரநிலையில் அதற்குள்ள எண்ணையும், அச்சிட்டேன். 2970, 3015, 2980, 3009. நாம் இரண்டெழுத்து என்று எண்ணும் பெயர் கணினிக்கு நான்கு உறுப்புகள்: ச, இரட்டைக்கொம்பு, த, உகரக்குறி.

இவற்றில் 2970-ஐயும் 2980-ஐயும் பைத்தான் எழுத்து என்று ஏற்கிறது. 3015-ஐயும் 3009-ஐயும் ஏற்பதில்லை, ஏனெனில் யூனிகோட் வகைப்பாட்டில் அவை எழுத்துகள் அல்ல. எழுத்தோடு சேரும் குறிகள். பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் நூலகம் சொல்லெழுத்து என்று கொள்வது எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றை மட்டும். குறிகளுக்கு அங்கே இடமில்லை. ஆகவே துணைக்கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாமே அதன் பார்வையில் காற்புள்ளிக்கும் ஆச்சரியக்குறிக்கும் சமமான பிரிப்பான்கள். ‘சேது’ வெட்டப்பட்டு ச, த, ஒரு காலிச் சரம் என்று மூன்றானது. ‘முருகன்’ ம, ர, கன, ஒரு காலிச் சரம் என்று நான்கானது. ‘ஏலக்காய்’ என்று ஒரு வணிகர் பட்டியலில் வந்தால் அது ஏலக, க, ய என்று சிதறும்.

இதற்குமேல் நான் சேர்த்த புத்திசாலித்தனம் வேலை செய்தது. ஓரெழுத்துத் துண்டு என்றால் முன்னெழுத்து, அதைத் தள்ளு என்று எழுதியிருந்தேன். ச தள்ளப்பட்டது, த தள்ளப்பட்டது. சேதுவில் மிஞ்சியது ஒன்றுமில்லை. சுதாவிலும் ஒன்றுமில்லை, சீதாவிலும் வேலுவிலும் ராஜூவிலும் ஒன்றுமில்லை. ஐந்து பேரின் சாவியும் காலிச் சரம். காலிச் சரமும் ஒரு சாவிதான் என்பதால் ஒரு சாவிக்கு ஒரு பதிவு மட்டும் வைத்துக்கொள்ளும் பைத்தானின் அகராதி எந்தப் புகாரும் சொல்லாமல் ஒவ்வொருவர் மேலும் அடுத்தவரை எழுதி, பதிவேட்டில் கடைசியாக இருந்தவரை நிறுத்தி வைத்தது. முருகனும் மோகனும் ‘கன’ என்ற ஒரே சாவிக்குள் அடைந்துகொண்டார்கள். அவர்கள் இருவரும் ஏறத்தாழ ஒரே அளவு பால் ஊற்றுகிறவர்கள். ஆனாலும் மோகனுக்கு இரட்டிப்பும் முருகனுக்குச் சுழியமும் விழுந்திருந்தன. அதைக் கேட்க இன்னும் யாரும் வந்திருக்கவில்லை.

ஆங்கிலப் பெயர்களில் ஏன் இது தெரியவில்லை என்பது இப்போது வெளிப்படை. அந்த எழுத்துமுறையில் உயிரும் தனி எழுத்து; ஒட்டும் குறி கிடையாது. பைத்தான் 3 வந்த 2008 முதல் அதன் சரங்கள் எல்லாமே யூனிகோட்தான் என்பதால் தமிழ் பத்திரமாக இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். சேமிப்பதும் அச்சிடுவதும் பத்திரம்தான். சொல் எது என்று கேட்கும்போது மட்டும் அது கைவிடுகிறது. ரெஜெக்ஸ் நூலகங்களுக்கான யூனிகோட் தரநிலை, அதாவது 18ஆம் எண் கொண்டது, சொல்லெழுத்துகளில் இந்தக் குறிகளையும் சேர்க்கச் சொல்கிறது. பெர்ல் சேர்க்கிறது. ஜாவாஸ்கிரிப்டோ ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் தவிர வேறெதையும் சொல்லெழுத்தாகக் கொள்வதில்லை என்பதால், அங்கே ‘சேது’ முழுமையாக மறைந்திருக்கும். ஒருவகையில் அது மேல். முற்றிலும் மறைவது உடனே கண்ணில் படும்.

கண்ணுக்குத் தெரியாதவை

அன்றிரவே சங்கத்தில் உட்கார்ந்து, ரெஜெக்ஸை விட்டுவிட்டு வேறு வழியில் வெட்டினேன். ஒவ்வோர் உறுப்பின் யூனிகோட் வகையைக் கேட்டு, எழுத்தோ குறியோ என்றால் வைத்துக்கொள், மற்றது பிரிப்பான் என்று எழுதினேன். ரெஜெக்ஸ் என்ற பெயரிலேயே தனியாகக் கிடைக்கும் நூலகம் குறிகளையும் சேர்த்துக் கையாளும். ஆனால் சங்கத்தின் கணினியில் கூடுதலாக எதையும் நிறுவ எனக்கு மனமில்லை. தமிழ்ப் பெயர்கள் எல்லாம் முழுதாக நின்றன. ‘கன’ சாவிக்குள் இருந்த இருவரும் பிரிந்தார்கள். ஆயினும் சில வரிகள் பொருந்தவில்லை.

மலையாளப் பெயர்கள் சில திரையில் ஒரே மாதிரி தெரிந்தும் சமமாக இல்லை. மலையாளத்தில் ‘ன்’, ‘ர்’, ‘ல்’ போன்ற ஒற்றுகளுக்குச் சில்லு என்னும் தனி வடிவங்கள் உண்டு. முன்பு அவற்றை மெய்யெழுத்து, நம் புள்ளிக்கு இணையான சந்திரக்கலை, பிறகு 8205 என்ற எண்ணுடைய அகலமற்ற இணைப்பான் என்று மூன்று உறுப்புகளாக எழுதினார்கள். 2008இல் வந்த யூனிகோட் 5.1 ஆறு சில்லுகளுக்குத் தனித்தனி எண் கொடுத்தது. பழைய கணினியில் தட்டச்சு செய்த பதிவேட்டில் முதல் வகையும், கைபேசியில் தட்டச்சு செய்த மாலைப் பட்டியலில் இரண்டாம் வகையும் இருந்தன. ஒரே எழுத்தை எழுதும் மாற்று வழிகளை ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கம் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை. அதற்கு ஒரு மாற்றுப் பட்டியலைக் கையால் எழுத வேண்டியிருந்தது. இணைப்பான் இடைவெளி அல்ல என்பதால் ஸ்பிளிட்டோ ஓரங்களை உதறும் செயற்கூறோ அதைத் தொடுவதில்லை.

இன்னொரு பெயரில் முன்னெழுத்துக்கும் பெயருக்கும் இடையே இருந்தது வழக்கமான இடைவெளி அல்ல. 160 என்ற எண்ணுடைய, வரியை முறிக்காத இடைவெளி. வேறொரு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியதில் வந்திருக்க வேண்டும். அடைப்பில் ஒன்றும் கொடுக்காத ஸ்பிளிட் இதை இடைவெளியாக ஏற்கும். ஒற்றை இடைவெளி கொடுத்தால் ஏற்காது. 8203 என்ற அகலமற்ற இடைவெளியோ, பெயரில் இடைவெளி என்று இருந்தும், இரண்டு முறையிலும் பிரிக்கப்படாது. ஒரு கோப்பின் முதல் வரி மட்டும் எண்ணாக மாற மறுத்தது. வரிசை எண் 1-க்கு முன்னால் 65279 என்ற கோப்புத் தொடக்கக் குறி ஒட்டியிருந்தது. கோப்பைத் திறக்கும்போதே அந்தக் குறியை நீக்கும்படி சொல்வதுதான் அதற்குச் சரியான இடம்.

தமிழிலும் ஒன்று அகப்பட்டது. ‘கௌரி’ என்ற பெயர் பதிவேட்டில் ஔகாரக் குறியோடு சரியாக இருந்தது. பட்டியலில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து ‘கெளரி’ என்று இருந்தது. படிப்பவர் யாரும் வேறுபாடு காணமாட்டார்கள். ஒகரக் குறியைக் கொம்பும் காலுமாகப் பிரித்து எழுதியிருந்தால் இயல்பாக்கம் அதை ஒன்றாக்கிவிடும். ளகரத்தை அது ளகரமாகவே பார்க்கும், அப்படிப் பார்ப்பது சரியும்கூட.

நள்ளிரவுக்கு மேல் செயலாளர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “இத்தன பாடு எதுக்குங்க தம்பி, ஒவ்வொருத்தருக்கும் மெம்பர் நம்பரு இருக்குதே” என்றார். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஓணத்துக்கு முன் வெளிப்பட்டது

சித்திரைக் குளறுபடி சத்தமாக வந்தது. இரண்டு நாளில் சரியானது. தை முதலே இன்னொன்று சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஓணத்துக்கு முன் சங்கம் உறுப்பினர்களுக்கு போனஸ் கணக்கிடும். அதற்காக ஆண்டின் பால் மதிப்பைத் தொகுத்தபோது, சிலருக்கு அவ்வப்போது ஒரு வேளைக்கு மட்டும் அட்டவணையின் உச்ச விலை போடப்பட்டிருப்பதைக் கணக்கர் கவனித்தார். அந்த வேளைகள் எல்லாமே கருவி பழுதான நாள்கள். அந்நாள்களில் கொழுப்பை, அமிலம் சேர்த்துச் சுழற்றிப் பார்க்கும் கெர்பர் முறையிலும் அடர்த்தியை லாக்டோமீட்டரிலும் பார்த்து, எழுத்தர் கையால் தட்டச்சு செய்வார். எஸ்.என்.எஃப். அளவை அவர் கணக்கிடுவதில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். திரையில் பார்த்தால் நடுவில் ஒரு பெரிய இடைவெளி. பார்ப்பவருக்குப் புரியும். ஸ்பிளிட்டுக்கோ அது வெறும் இடைவெளிக் கூட்டம்.

ஒரு வரியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்: 17, 6.0, 4.1, காலி, 28.5, பெ. சேது. பிரித்தபின் 28.5 எஸ்.என்.எஃப். இடத்துக்கு நகர்ந்தது. ‘பெ.’ சி.எல்.ஆர். இடத்தில் போய் உட்கார்ந்தது. விலைக்கு அந்த இடம் தேவையில்லை என்பதால் நிரல் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ‘சேது’ பெயர் இடத்தில் நின்றது, சரியாகவே பொருந்தியது. எஸ்.என்.எஃப். 28.5 என்பது பால் என்ற பொருளுக்கே நடக்காத அளவு. ஆனால் அட்டவணைக்கு மேல் போனால் அட்டவணையின் கடைசி விலையை எடுத்துக்கொள் என்று நிரலில் ஒரு வரி இருந்தது. தடுக்கி விழ வேண்டிய இடத்தில் கைத்தாங்கல் வைத்ததுபோல் ஆயிற்று.

இது எல்லோருக்கும் நடக்கவில்லை என்பதுதான் கண்டுபிடிப்பைத் தாமதப்படுத்தியது. முன்னெழுத்தே இல்லாதவருக்கு இந்த நகர்வில் பெயர் இடம் காலியாகும், ‘சேது பி.’ என்று கேரள முறையில் எழுதியவருக்குப் பெயர் இடத்தில் ‘பி.’ மட்டும் நிற்கும். இரண்டையும் நிரல் தெரியாத பெயர் என்று ஒதுக்கிவிடும். எழுத்தர் அவற்றைக் கையால் திருத்தி வந்தார், காரணம் கேட்காமல். முன்னெழுத்தை முன்னால் வைத்துப் புள்ளிக்குப் பின் ஒழுங்காக இடைவெளி விட்டு எழுதியவர்களின் வரிகளில் மட்டும் பிழை மறைந்துகொண்டது. அவர்களுக்குக் கிடைத்ததோ கூடுதல் பணம். நூறோ நூற்றைம்பதோ கூடக் கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வருகிறவர் அரிது.

முதல் நாள் நண்பர் நீக்கிய காலிச் சரங்களில் பெரும்பாலானவை ஒழுங்குக்கான வெற்றிடங்கள்தான். ஆனால் விடுபட்ட அளவுக்கு இருந்த ஒரே சாட்சியும் அவற்றுக்குள்தான் இருந்தது. இரண்டையும் பிரித்தறிய இடைவெளியால் பிரித்த கோப்பில் வழியே இல்லை என்பதை அப்போதுதான் ஒப்புக்கொண்டோம்.

மாற்றியமைத்த விதம்

கருவியின் அமைப்பில் டேப்பைப் பிரிப்பானாகத் தேர்ந்தெடுக்க முடிந்தது. டேப் யாருடைய பெயரிலும் வராது, யாரும் தற்செயலாக இரண்டு தட்டுவதும் குறைவு. காற்புள்ளியை வேண்டாம் என்றதற்குக் காரணம், வீட்டுப் பெயரைக் காற்புள்ளி போட்டு எழுதும் வழக்கமும், 1,12,450 என்று நம் முறையில் எழுதும் தொகைகளும். டேப்பில் வெட்டும்போது ஸ்பிளிட்டுக்கு அந்தக் குறியை வெளிப்படையாகக் கொடுக்கிறோம். காலி இடங்கள் காலியாகவே வந்து நிற்கின்றன. ஜாவாவில் எழுதியிருந்தால் இங்கும் ஒரு குழி உண்டு: அதன் ஸ்பிளிட் வரியின் கடைசியில் வரும் காலித் துண்டுகளை இயல்பாகவே உதறிவிடும், வேண்டுமென்றால் எல்லையாக ஓர் எதிர்ம எண் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு வரியிலும் உறுப்பினர் எண் சேர்க்கப்பட்டது. யாருடைய பால் என்பதை எண் மட்டுமே தீர்மானிக்கிறது. பெயர் ஒரு சரிபார்ப்பு மட்டும். எண்ணுக்குரிய பெயரோடு பட்டியலின் பெயர் பொருந்தாவிட்டால் எச்சரிக்கை வரும், பணம் நிற்காது. துண்டுகள் ஏழுக்குக் கூடவோ குறையவோ இருந்தால் வரி ஏற்கப்படாது. எஸ்.என்.எஃப். அட்டவணைக்கு வெளியே இருந்தால் உச்ச விலை போடுவதற்குப் பதில் வரி நிறுத்தப்படும்.

இன்னொரு சரிபார்ப்பு நிரல் எழுதுவோர் யாருடைய யோசனையும் அல்ல, கணக்கருடையது. சி.எல்.ஆர். அளவில் கால் பங்கோடு கொழுப்பில் கால் பங்கும் ஒரு சிறு மாறிலியும் சேர்த்தால் எஸ்.என்.எஃப். கிட்டத்தட்ட வந்துவிடும், ரிச்மண்ட் வாய்பாடு என்று பால் தொழிலில் பழகியது. சேதுவின் வரியில் 28.5-க்கும் 4.1-க்கும் அது எட்டரையை ஒட்டி வரும். கருவி சொன்ன அளவும் வாய்பாட்டு அளவும் அரைக்கு மேல் வேறுபட்டால் வரி தனியே எடுத்து வைக்கப்படுகிறது. எண் இடம் மாறி உட்காரும் பிழையைப் பிடிக்க இதைவிட எளிய பொறி எனக்குத் தெரியவில்லை.

பெயரைத் துண்டாக்குவது இப்போது ஓர் இடத்தில் மட்டும் மிஞ்சியிருக்கிறது: எழுத்தர் உறுப்பினரைத் தேடும் பெட்டியில். அங்கே எழுத்து, குறி, இரண்டு அகலமற்ற இணைப்பான்கள் ஆகியவை சொல்லின் பகுதி, மற்றவை பிரிப்பான். ஓரெழுத்துத் துண்டைத் தள்ளும் விதி நீக்கப்பட்டது. ‘ஓரெழுத்து’ என்று கணினி எண்ணுவது எது, நாம் எண்ணுவது எது என்பது தெளிவாகாமல் அப்படி ஒரு விதி எழுதியதே பிழை.

பின்விளைவு

சித்திரையில் இடம் மாறிய பணம் அந்தத் தவணையிலேயே உரியவர்களுக்குக் கிடைத்தது. மோகனின் வீட்டுக்குச் செயலாளரே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கூடுதலாகப் போன எஸ்.என்.எஃப். பணத்தை நிர்வாகக் குழு மூன்று தவணைகளில் கழித்துக்கொள்ள முடிவு செய்தது. தங்கள் மேல் தவறில்லாதபோது ஏன் கழிக்க வேண்டும் என்று இரண்டு உறுப்பினர்கள் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் உண்டு, அவர்களுடைய மனக்குறை இன்னும் தீரவில்லை. போனஸ் பட்டியல் திருத்தப்பட்டு ஓணத்துக்கு இரண்டு நாள் முன்பே ஒட்டப்பட்டது.

மீண்டும் செய்வதானால்

சோதனைப் பெயர்களைச் சங்கத்தின் பதிவேட்டிலிருந்தே எடுப்பேன், குறிப்பாக மிகக் குட்டையானவற்றை. சுதா, சேது, வேலு என்ற மூன்று பெயர்களில் ஒன்றை ஒருமுறை ஓட்டியிருந்தால் என் விதி அங்கேயே உடைந்திருக்கும். ‘சுப்பிரமணியன்’ போன்ற நீண்ட பெயர்கள் இதற்கு உதவா. அவை சிதறினாலும் ஏதோ ஒரு துண்டு மிஞ்சிக் காப்பாற்றிவிடும்.

பிரித்தல் முறையை மாற்றும் எந்தத் திருத்தத்துக்கும் முன்பு, காலியான ஓர் இடம் இந்தக் கோப்பில் என்ன பொருள் தருகிறது என்று அதைத் தட்டச்சு செய்பவரிடம் கேட்பேன். நாங்கள் அந்த எழுத்தரிடம் முதன்முதலாக அதைக் கேட்டது ஆவணியில். “அது மெஷின் ஓடலைன்னு அர்த்தங்க” என்று அவர் ஒரே வரியில் சொன்னார். தையிலும் அதையே சொல்லியிருப்பார்.

நிராகரிக்கப்பட்ட வரிகளைக் கையால் திருத்தும் வேலை எழுத்தரிடம் இருந்ததால் அவற்றின் எண்ணிக்கை எங்களுக்குத் தெரியவே இல்லை. இப்போது அவை ஒரு தனிக் கோப்பில் சேர்கின்றன. மாதத்துக்கு ஒருமுறை நான் பார்க்கிறேன். கருவி ஓடாத நாள்களில் எழுத்தர் எஸ்.என்.எஃப். இடத்தில் ஒரு சிறுகோடு போடுகிறார். சிறுகோட்டைக் கண்டால் நிரல் வாய்பாட்டைக் கொண்டு கணக்கிட்டு, அப்படிக் கணக்கிட்டதைச் சீட்டிலும் அச்சிடுகிறது. சென்ற மாதக் கோப்பில் நான்கு வரிகள் இருந்தன. மூன்றில் டேப்புக்குப் பதில் இடைவெளி தட்டப்பட்டிருந்தது. நான்காவது வரியில் சிறுகோடு இரண்டு முறை விழுந்திருந்தது.